கொரியாவின் தாமரை விளக்குத் திருவிழா

வெசாக் என்றதும் இலங்கை நேயர்களின் மனக்கண் முன் எழுவது முழுநிலவு. அதன் கீழே மூங்கிற் சலாகைகளாற் கட்டிய எண்பட்டைக் கூடுகள், அவற்றின் வால்போலக் காற்றில் ஆடும் கடதாசிக் குஞ்சங்கள், வீதியோரத்துத் தன்சல், சாதகக் கதைகளைத் தீட்டிய பந்தல் ஆகியன வரிசையாக வந்து நிற்கும். கொரியா நாட்டிலும் இதே காலத்தில் வீடும் வீதியும் விளக்கேற்றுகின்றன. ஆனால் அங்கே வானத்தில் முழுநிலவு இல்லை. சந்திரமானக் கணக்கின்படி நான்காம் மாதத்து எட்டாம் நாளையே கொரியர் புத்தர் பிறந்த நாளாகக் கொள்கின்றனர். அது வளர்பிறை அட்டமி. பாதி நிலவுதான் காயும். பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் ஆகிய மூன்றையும் ஒரே பூரணையில் இலங்கை நினைவுகூர, கொரியாவோ மூன்றுக்கும் மூன்று வேறு நாள்களை வைத்திருக்கிறது. அவற்றுள் விளக்குக்கு உரியது பிறந்த நாளே.

அத்திருநாளை ஒட்டி, அதற்கு முன்னதாக வரும் ஒரு சனிக்கிழமை மாலையில், தலைநகராகிய சியோலில் பெரும் விளக்கு ஊர்வலம் நடைபெறும். யொன்டுங்ஹ்வே என்பது அதன் பெயர். விளக்கேற்றும் கூட்டம் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதன்பின் பிறநாட்டுப் பிரயாணிகளின் கண் இதன்மீது இன்னும் மிகுதியாகப் படலாயிற்று.

ஊர்வல நாளன்று மாலையில் வந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு, இரவே திரும்பிவிடும் பிரயாணி இந்த விழாவின் புறத்தோலை மட்டுமே பார்த்தவனாவான். சில வாரங்களுக்கு முன்பே நகரை அடைபவனுக்கே விழாவின் உள்ளிருப்பது புலப்படத் தொடங்கும். ஏப்ரல் மாதம் முதிரும்போது சியோலின் வீதிமரங்களுக்கும் மின்கம்பங்களுக்கும் இடையே வண்ண விளக்குகள் சரஞ்சரமாக ஏறிவிடும். நகரின் நடுவிலே ஜொக்யேசா என்ற விகாரை இருக்கிறது. கொரிய பௌத்தத்தின் மிகப் பெரிய பிரிவாகிய ஜொக்யே சங்கத்தின் தலைமையிடம் அது. அலுவலகக் கட்டடங்கள் சூழ்ந்த சிறிய முற்றம். அதில் பல நூற்றாண்டு கண்ட ஒரு மரமும், வெள்ளைப் பட்டையுடைய ஒரு பைன் மரமும் நிற்கின்றன. அந்த முற்றத்துக்கு மேலே வானம் தெரியாதபடி விளக்குகளை நெருக்கமாகக் கட்டிவிடுகிறார்கள். பகலில் உள்ளே நுழைபவன் தலைக்கு மேல் செம்மையும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக ஒரு விதானத்தைக் காண்பான். வெயில் அந்தக் கடதாசிகளினூடாக வடிந்து நிலத்திலும் மனிதர் முகங்களிலும் வண்ணமாக விழும்.

அவ்விளக்குகளின் அடியிலே ஒவ்வொரு கடதாசித் துண்டு தொங்கும். முதன்முறை காண்பவன் அதனை வெறும் அலங்காரம் என்றே எண்ணக்கூடும். அதிலே ஒரு குடும்பத்தின் பெயர், விலாசம், ஒரு வேண்டுதல் ஆகியன எழுதப்பட்டிருக்கும். நோய் தீர வேண்டும், மகன் பரீட்சையில் தேற வேண்டும், மகளுக்கு நல்ல இடத்தில் வேலை அமைய வேண்டும், குடும்பம் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பன போன்ற வேண்டுதல்கள் அவை. கோயிலுக்கு ஒரு தொகையைக் காணிக்கையாகச் செலுத்தி, விளக்கொன்றைத் தம் குடும்பத்தின் பேரில் ஏற்றுவிப்பது வழக்கம். நல்லூரிலோ கதிர்காமத்திலோ நேர்த்தி வைக்கும் அன்னையரின் வேண்டுதல்களையும் இவற்றையும் அருகருகே வைத்துப் படித்தால், எது எந்த நாட்டுக்கு உரியது என்று சொல்லுதல் எளிதன்று. ஆசையை அறுக்கச் சொன்ன பெருமானின் சன்னிதியில் இத்தனை ஆசைகளா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் பிள்ளையின் காய்ச்சல் தணிய வேண்டுமென்று எழுதிய தாயிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிபவர் எவரும் இரார்.

வண்ண விதானத்தைக் கடந்து சற்று அப்பாற் சென்றால், விகாரையின் ஒரு பக்கத்தில் வெண்மை மட்டுமே தெரியும். அங்கே கட்டியிருப்பவை அனைத்தும் வெள்ளை விளக்குகள், இறந்தோருக்கு உரியவை. வண்ண விளக்கு உயிரோடு இருப்பவரின் பேரிலும், வெண் விளக்கு மறைந்தவரின் பேரிலும் ஏற்றப்படும். தந்தையின் பேரில் ஒன்று, பாட்டியின் பேரில் ஒன்று என்று அவையும் பெயர்த் துண்டுகளோடு அசைந்துகொண்டிருக்கும். இங்கே மட்டும் பேச்சொலி தானாகத் தணிந்துவிடுகிறது. ஒரு முற்றத்தின் இரு பக்கங்களில் இருப்போரும் இல்லாதோரும் ஒரே காற்றில் ஆடுவதைக் கண்ட பின்பு, ஊர்வலத்தை நோக்கும் பிரயாணியின் பார்வை முன்போல இருப்பதில்லை.

விளக்குச் செய்யும் தொழிலைப் பற்றியும் சொல்லவேண்டும். கொரியரின் மரபுக் கடதாசிக்கு ஹான்ஜி என்று பெயர். கடதாசி முசுக்கட்டை மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் நாரினால் ஆக்கப்படுவது. மெல்லியதாயினும் எளிதிற் கிழியாது. ஒளியைத் தடுக்காமலும் கண்ணைக் கூசவிடாமலும் அளவாக வெளியே விடும். முற்காலத்தில் மூங்கிலை வளைத்துச் சட்டம் கட்டினர். இப்பொழுது பெரும்பாலும் கம்பியே பயன்படுகிறது. சட்டத்தின்மேல் கடதாசியை ஒட்டிய பின்னர், தாமரை விளக்காயின் இதழ்களைத் தனித்தனியே பதிக்க வேண்டும். சாயம் தோய்த்த மெல்லிய கடதாசியை இதழளவாக நறுக்கி, விரல் நுனியிற் சிறிது பசையைத் தொட்டு, இதழின் ஒரு முனையை முறுக்கிக் கூராக்குவர். முதல் வரிசை இதழ்களின் இடைவெளியை இரண்டாம் வரிசை மறைக்கும். ஈற்றில் பச்சை இலைகள் அடியைத் தாங்கும்.

கேட்பதற்கு எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் ஒரு விகாரைக்கு ஆயிரக்கணக்கில் விளக்கு வேண்டுமெனின் எத்தனை ஆயிரம் இதழ்களை முறுக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பனிக்காலம் முடியுமுன்பே விகாரைகளின் அறைகளிலே மூதாட்டிகளும் இல்லத்தரசிகளும் வட்டமாக அமர்ந்து இதழ் முறுக்கத் தொடங்கிவிடுகின்றனர். ஊர்க்கதையும் குடும்பக் கதையும் பேசியபடியே வேலை நடக்கும். விரல் நுனிகளில் ஏறிய செஞ்சாயம் எளிதில் போவதில்லை. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் பெண்கள் கூடியிருந்து ஓலை பின்னிய காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதியதாகத் தோன்றாது.

இந்த விளக்கு வழக்கம் மிகத் தொன்மையானது. 1145ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற சம்குக் சகி என்னும் வரலாற்று நூல், சில்லா நாட்டு மன்னர் 866ஆம் ஆண்டின் முதன்மாதத்து முழுநிலவு நாளில் ஹ்வாங்னியொங்சா விகாரைக்குச் சென்று விளக்குகளைக் கண்டார் என்று குறிக்கிறது. கியொங்ஜு நகரில் இருந்த அந்த மாபெரும் விகாரையை 1238ஆம் ஆண்டில் மொங்கோலியப் படையினர் எரித்தனர். இன்று அங்கே அடித்தளக் கற்களே எஞ்சியுள்ளன. விளக்கைப் பற்றிய அந்த ஒரு வரி நூலில் நின்றுவிட்டது.

சில்லாவின் பின்னர் வந்த கொர்யோ அரசின் முதல் மன்னர் தம் வழித்தோன்றல்களுக்கு 943ஆம் ஆண்டில் பத்து அறிவுரைகளை விட்டுச் சென்றார். விளக்கு விழாவைக் கைவிடலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆயினும் நாற்பது ஆண்டு சிறிது கடந்ததும், 987ஆம் ஆண்டில், கொன்பூசியக் கொள்கையிற் பற்றுடைய ஒரு மன்னர் விழாவை நிறுத்தினார். 1010ஆம் ஆண்டில் அது மீண்டும் தொடங்கிற்று. அக்காலத்தில் அது ஆண்டின் முதன்மாதத்திலோ இரண்டாம் மாதத்திலோ நடந்த அரச விழா. புத்தர் பிறந்த நாளுக்கு உரிய விளக்கீடு பின்னரே வலுப்பெற்றது. கொர்யோக் காலத்தின் பிற்பகுதியில் சிறுவர்கள் கோல்களிலே கடதாசிக் கொடி ஒட்டிக்கொண்டு, தெருத்தெருவாகச் சென்று, விளக்குச் செலவுக்காக அரிசியும் துணியும் சேர்த்தனர் என்று வரலாறு கூறுகிறது. வீடு வீடாகச் சென்று தன்சலுக்குப் பொருள் சேர்க்கும் இலங்கை இளைஞர்களுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்னோடிகள் கிழக்கே இருந்திருக்கிறார்கள்.

1392ஆம் ஆண்டில் ஜோசொன் அரசு தோன்றியதும் காற்று திசை மாறியது. புதிய ஆட்சியாளர் கொன்பூசிய நெறியை நாட்டின் நெறியாக்கினர். விகாரைகளின் நிலங்கள் பறிக்கப்பட்டன; சங்கப் பிரிவுகள் குறைக்கப்பட்டன; அரச விளக்கு விழா நின்றது. காலப்போக்கில் துறவிகள் தலைநகரின் மதிலுக்குள் காலெடுத்து வைப்பதற்கும் தடை வந்தது. காவியுடையினர் சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்டனர். விகாரைகள் மலைக்காடுகளுக்குள் ஒதுங்கின. இன்றும் கொரியாவின் புகழ்பெற்ற விகாரைகளைக் காண விரும்புபவன் மலையேற வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மக்களிடமிருந்து விளக்கைப் பறிக்க அந்த அரசினால் இயலவில்லை. 1849ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற டொங்குக் சேசிகி என்னும் நூல் கொரியரின் ஆண்டு வழக்கங்களை மாதந்தோறும் வகுத்துக் கூறுவது. நான்காம் மாதத்து எட்டாம் நாளைப் பற்றி அது தரும் செய்திகள் சுவையானவை. வீட்டுக்கு வீடு உயர்ந்த கம்பம் நாட்டி, அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை விளக்குகளைத் தொங்கவிட்டனர். ஒளி நன்றாக நின்றால் பிள்ளைக்கு நல்ல காலம் என்பது நம்பிக்கை. ஆமை, கெண்டை மீன், நாரை, தாமரை, முழவு, கப்பல் எனப் பல வடிவங்களில் விளக்குகள் இருந்தன. வெள்ளைப்பூண்டு வடிவிலும் வத்தகப்பழ வடிவிலும் கூட விளக்குச் செய்தார்கள். சிறுவர்கள் கம்பத்தின் அடியிலே பாய் விரித்து, இலை சேர்த்து அவித்த மாப்பண்டமும் அவித்த அவரையும் வைத்து, வருவோரை உபசரித்தனர். நீர் நிறைந்த பாத்திரத்திலே சுரைக்குடுவையைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, அதனைத் தட்டி இசை எழுப்பினர். அந்த ஓர் இரவுக்கு ஊரடங்கும் தளர்த்தப்பட்டது. ஆணும் பெண்ணும் அந்தி சாயும்போதே நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் ஏறி, கீழே விரிந்த ஒளிக்கடலைப் பார்த்து நின்றனர். துறவி நுழைய முடியாத நகரத்திலே, துறவியின் தலைவர் பிறந்த நாள் இவ்வாறு கொண்டாடப்பட்டது!

துறவிகள்மீது இருந்த தடை 1895ஆம் ஆண்டிலேயே நீங்கியது. ஜொக்யேசாவின் மூல விகாரை நகரினுள் எழுந்தது 1910ஆம் ஆண்டில். இன்றைய இடத்துக்கு அது வந்தது 1930களின் பிற்பகுதியில். நகரின் இதயத்தில் நிற்கும் இந்த விகாரை பழையது என்றே பிரயாணி நினைப்பான். முற்றத்து மரங்கள் தாம் பழையவை. விகாரை அவற்றின் நிழலுக்குப் பிந்தி வந்த குடி.

கொரியாவில் நத்தார்த் தினம் 1949ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்க விடுமுறையாக இருந்தது. புத்தர் பிறந்த நாளுக்கோ விடுமுறை இல்லை. 1973ஆம் ஆண்டில் ஒரு வழக்கறிஞர் இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 1975ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரசாங்கம் அந்நாளை விடுமுறையாக்கிற்று. இலங்கையின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இது முன்பே கேட்ட கதைபோல ஒலிக்கும். 1883ஆம் ஆண்டில் கொட்டாஞ்சேனையில் கலகம் நிகழ்ந்ததன் பின்னர், பௌத்தர்களின் முறையீட்டை எடுத்துக்கொண்டு ஒல்கொட் 1884ஆம் ஆண்டில் இலண்டன் சென்றதும், 1885ஆம் ஆண்டில் வெசாக் விடுமுறையானதும் பலரும் அறிந்தவை. ஆறு வர்ணக் கொடி முதன்முதலாக ஏறியதும் அந்த ஆண்டு வெசாக்கிலேதான். அதே கொடி இப்பொழுது சியோல் ஊர்வலத்திலும் பறக்கக் காணலாம்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு, ஊர்வல மாலையில் ஹுங்கின்ஜிமுன் என்ற கிழக்கு வாயிலின் முன்னே பிரயாணி வந்து நிற்பானாயின், அவன் காண்பது வெறும் வேடிக்கை அன்று. கருங்கல் அடித்தளமும் இரட்டைக் கூரையும் உடைய அந்த வாயில் முதலில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. இன்று நிற்பது 1869ஆம் ஆண்டில் மீளக் கட்டப்பெற்றது. ஆகவே துறவிகளைத் தடுத்து நிறுத்திய காலத்து வாயிலே இன்றும் அங்கு நிற்கிறது. இரவு ஏழு மணியளவில் ஊர்வலம் நகருக்குள் நுழையத் தொடங்குவது இந்த வாயிலின் பக்கமாகத்தான். சாம்பல் நிற அங்கி அணிந்த பிக்குகளும் பிக்குணிகளும் விளக்கை ஏந்தி முன்னே நடக்கிறார்கள். வாயிற்காவலர் எவரும் இல்லை. பொலிசார் போக்குவரத்தைத் தடுத்து வழிவிடுகின்றனர்.

ஊர்வலம் செல்லும் பாதைக்கு ஜொங்னோ என்று பெயர். மணி வீதி என்பது பொருள். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளத்துக்கு இரு மருங்கிலும் நாற்காலிகள் இடப்பட்டிருக்கும். அவற்றில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் பௌத்தர்? 2015ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி கொரியர் நூறு பேரில் பதினைந்து பேரளவிலேயே தம்மைப் பௌத்தர் என்று கூறினர். கிறித்தவர்கள் அதனிலும் பெருந்தொகையினர். எந்தச் சமயத்தையும் சாராதவர் பாதிக்கும் மேல். ஆயினும் தோளிற் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு விளக்கைக் காட்டும் தந்தையிடம் எவரும் சமயம் விசாரிப்பதில்லை.

மேளமும் சீனக்குழலும் முன்னே முழங்க, கொடிகளும் பல்லக்கும் வரும். அவற்றின் பின்னே ஒவ்வொரு விகாரையைச் சேர்ந்தவர்களும் தத்தமக்கென வகுத்த வடிவத்து விளக்கை ஏந்தி வருவர். ஒரு கூட்டம் முழுவதும் தாமரை, அடுத்த கூட்டம் முழுவதும் மீன், அதற்கடுத்தது முழவு. மரபுடையாகிய ஹான்பொக் அணிந்த பெண்களின் விரிந்த பாவாடைகளில் விளக்கொளி வழிந்தோடும். அமைப்பாளர் கணக்கின்படி விளக்குகளின் தொகை ஓர் இலட்சத்தை எட்டும். இடையிடையே தேர்போலப் பெரிய விளக்குருவங்கள் உருண்டு வரும். வெள்ளை யானை, மயில், நாற்றிசைக் காவலர் முதலிய இவை யாவும் கம்பிச் சட்டத்தில் கடதாசி ஒட்டி ஆக்கியவையே. வாயிலிருந்து உண்மையாகவே தீயைக் கக்கும் பறவைநாகம் ஒன்றும் வரும். அதைக் கண்டு சிறுவர் கூச்சலிடாத ஆண்டு இல்லை. தொலைக்காட்சிச் சித்திரப் பாத்திரங்களும் இப்பொழுது விளக்குருவில் வருகின்றன. அவை அங்கே வேண்டுமா என்பது வேறு விஷயம். வெள்ளைப்பூண்டு விளக்கைச் செய்து மகிழ்ந்த பழைய கொரியர் இதனைப் பார்த்தால் பெரிதாகக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

உள்ளே எரிவது மெழுகுதிரி அன்று, மின்விளக்கு. இதைக் குறையாகக் கூறுவோர் கடதாசியும் காற்றும் பெருங்கூட்டமும் ஒரே வீதியில் கூடினால் என்ன நேரும் என்பதையும் எண்ணவேண்டும். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு ஏற்பட்ட குறை தீயைப் பற்றியதன்று. கடதாசியை மறந்து மலிவான நெகிழித் தாள் விளக்குகள் பெருகியதுதான். 1990களின் நடுப்பகுதியிலிருந்து பழைய நூல்களில் பெயராக மட்டும் எஞ்சியிருந்த வடிவங்களை ஆராய்ந்து, ஹான்ஜியிலே மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். அவற்றை விழாக் காலத்தில் ஜொக்யேசாவின் அருகிலும், நகரின் நடுவே ஓடும் சொங்கியேசொன் ஓடையின் மீதும் காட்சிக்கு வைக்கின்றனர். அந்த ஓடையும் பல்லாண்டுகள் தார்வீதியின் கீழே மூடிக்கிடந்து, 2005ஆம் ஆண்டில் மீண்டும் வெளிச்சம் கண்டதுதான்.

ஊர்வலத்தின் ஒரு பகுதியில் பிறநாட்டுப் பௌத்தர்கள் நடந்து வருவர். நேபாளம், மியன்மார், வங்காளதேசம், தாய்லாந்து என்னும் நாடுகளின் வரிசையில் இலங்கைக் கொடியும் வரும். வெள்ளுடை அணிந்த இலங்கையர் தம் நாட்டுப் பிக்குமாரோடு நடந்து செல்வர். 2004ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ்க் கொரியாவுக்குச் சென்று, ஆலைகளிலும் மீன்பிடித் தொழிலிலும் கட்டட வேலைகளிலும் உழைப்போர் அவர்களுள் பலர். கொரிய மொழிப் பரீட்சைக்காக இலங்கையில் மாதக்கணக்கில் கண்விழித்துப் படித்தவர்கள். வெசாக் பூரணைக்கு வீடு செல்ல விடுமுறை கிடைக்காதவர்கள். தாய் கட்டிய கூட்டை இவ்வாண்டும் காணமுடியாதவன் அந்நிய வீதியிலே ஒரு கொரியத் தாமரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். நாற்காலியில் அமர்ந்த கொரியர்கள் அவனைப் பார்த்துக் கை அசைக்கிறார்கள், அவனும் அசைக்கிறான். பகற்பொழுதில் ஆலையின் இரைச்சலுக்கிடையே அவனை அறியாத அந்த நகரம் இந்த இரண்டரை மணி நேரத்துக்கு அவன் முகத்தைப் பார்க்கிறது.

ஊர்வலம் நடவாத ஆண்டுகளும் உண்டு. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடெங்கும் இராணுவச் சட்டம் விரிக்கப்பட்டு, குவாங்ஜு நகரில் இரத்தம் சிந்தப்பட்டபொழுது, சியோல் வீதியில் விளக்கு ஊர்வலம் செல்லவில்லை. அதன்பின் நாற்பது ஆண்டு கழித்து 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் அதனை நிறுத்திற்று. ஆனால் பலரும் மறவாதது 2014ஆம் ஆண்டே. அவ்வாண்டு ஏப்ரல் 16ஆம் நாள் செவோல் என்னும் கப்பல் தென்கடலில் மூழ்கி 304 பேர் மாண்டனர். பாடசாலைச் சுற்றுலா சென்ற 250 மாணவர்கள் அவர்களுள் அடங்குவர். பத்தே நாளில் விளக்கு ஊர்வலம் வரவேண்டியிருந்தது. நிறுத்துவதா, நடத்துவதா என்ற கேள்வி எழுந்தது. நடத்தினர்; ஆனால் ஆடலும் களிப்பும் தவிர்க்கப்பட்டன. இறந்தோருக்கும், அப்பொழுதும் கரை திரும்பாதோருக்குமாகப் பிரார்த்தித்தபடி மக்கள் அதே வீதியில் நடந்தனர். விகாரை முற்றத்தின் ஒரு பக்கத்தில் வழக்கமாக இருக்கும் வெண்மையின் பொருள் அவ்வாண்டு நகரம் முழுவதற்கும் விளங்கிற்று.

கொரிய விகாரைகளில் இந்நாள்களில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. பெருமான் எழுந்தருளியிருந்த ஊரிலே மன்னனும் செல்வரும் எண்ணற்ற விளக்குகளை ஏற்றினர். பிச்சையெடுத்து வாழ்ந்த நந்தா என்னும் ஏழைப் பெண் நாள் முழுதும் இரந்து கிடைத்த ஒரு காசுக்கு எண்ணெய் வாங்கப் போனாள். அந்தக் காசுக்கு ஒரு விளக்குக்குப் போதிய எண்ணெய் இல்லை. கடைக்காரன் இரங்கி அதிகமாக அளந்தான். விடியற்காலையில் எல்லா விளக்குகளும் அணைந்தன, அவளுடையது அணையவில்லை. முகலாயனர் கையாலும் மேலாடையாலும் வீசிப் பார்த்தும் சுடர் அசையவில்லை. அது அணையாது என்று பெருமான் கூறினார் என்பது கதை. கதையைக் கேட்ட பிரயாணியின் மனத்தில், பெரிய உருவங்களைக் காட்டிலும் வேறொன்று நிற்கிறது. ஊர்வலத்தின் கடைசிப் பகுதியில், கால்கள் தளர்ந்து கூட்டத்திலிருந்து பிந்திவிட்ட ஒரு மூதாட்டியின் கையில் இருக்கும் ஒற்றைத் தாமரை அது. அத்தகைய மூதாட்டி ஒருவர் எந்த ஆண்டும் வராமலிருப்பதில்லை. இளம் தொண்டர் ஒருவர் அவர் கையைத் தாங்கிக்கொள்வார். விளக்கை மட்டும் அவர் கொடுக்கமாட்டார்.

இரவு ஒன்பதரை மணிக்குப் பின் ஊர்வலம் ஜொங்கக் சந்தியை அடைகிறது. அங்கேதான் பொசின்கக் மணிமண்டபம் இருக்கிறது. ஜோசொன் காலத்தில் இந்த மணி இரவில் 28 முறை ஒலித்ததும் நகர வாயில்கள் மூடப்பட்டன. வைகறையில் 33 முறை ஒலித்ததும் திறந்தன. இரண்டு எண்ணும் பௌத்த உலகக் கணக்கை ஒட்டியவை என்பர். துறவியை வெளியே நிறுத்திய வாயில்களும் அவர்களுடைய கணக்கின்படியே திறந்து மூடியிருக்கின்றன!

அந்தச் சந்தியிலே வானிலிருந்து இளஞ்சிவப்புக் கடதாசி இதழ்கள் மழையாகப் பொழியும். விளக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, அறிந்தவர் அறியாதவர் என்ற வேறுபாடின்றிக் கைகோத்து மக்கள் வட்டமிட்டு ஆடுவர். ஓரத்தில் நிற்கும் பிரயாணியின் கையையும் யாராவது பற்றி இழுப்பார்கள். மொழி தெரியாது என்ற சாக்கு அங்கே செல்லாது. பாட்டுப் புரியாவிட்டாலும் கால்கள் தாளத்தைக் கண்டுகொள்கின்றன. நள்ளிரவை அண்மிக்கும்போது கூட்டம் கலைகிறது. துப்புரவுத் தொழிலாளரும் தொண்டர்களும் இதழ்களைக் கூட்டி அள்ளுகிறார்கள். அடுக்கிய நாற்காலிகள் பாரவண்டிகளில் ஏறுகின்றன. மணி வீதியில் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன. ஜொக்யேசா முற்றத்தில் மட்டும் விளக்குகள் அணைக்கப்படாமல் தொங்குகின்றன. அவற்றுக்கு உரிய அட்டமி இன்னும் சில நாளில்தான் வருகிறது.